எண்பதில் நின்ற முள்

என்னைப் பார்க்க வருகிற இளம் மெக்கானிக்குகள் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, கியர் விழாவிட்டால் எங்கே பார்ப்பது என்று. அதைச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் மீட்டரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தாறு வருடம் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்தவன் நான். அந்தத் தொழிலில் நான் உண்மையிலேயே பயந்து நின்றது ஒரே ஒரு நாள். அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ஸ்பீடோமீட்டர்.

நான் கராஜை விட்டு ஓய்வெடுப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. புது மோட்டார் சைக்கிள் இறக்குமதி நின்றுபோய், ஆட்கள் பழையதையே பொத்திப் பொத்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள். பாறூக் என்று ஒருவர் என்னிடம் வருவார். நாற்பது வயது இருக்கும். கொட்டாஞ்சேனையில் செயற்கைப் பல் செய்கிற ஒரு சின்ன லேப்பில் வேலை. காலையில் புறப்பட்டு பொரளை, ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை என்று பல் டாக்டர்மாரின் கிளினிக்குகளுக்குப் போவார். செய்து முடித்த பல் செட்டுகளைக் கொடுத்துவிட்டு, வாயில் எடுத்த அச்சுகளை வாங்கிக்கொண்டு வருவார். அவரது பின் சீட்டில் கட்டியிருக்கும் பெட்டிக்குள் சுற்றிவர ஸ்பொஞ்ச் வைத்திருப்பார். சாந்தில் வார்த்த அச்சு, ஒரு பள்ளத்தில் பலமாக விழுந்தால் உடைந்துவிடும். உடைந்தால் அந்த நோயாளி மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும். ஆகவே மனிதர் ஊர்ந்துதான் போவார். ஓட்டோக்காரர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போவார்கள், அவர் கவலைப்படமாட்டார்.

ஒரு நாள் காலையில் வந்து சொன்னார், "அண்ணே, முன்னுக்குக் கீச்சுண்டு ஒரு சத்தம் ஈக்கி. முப்பதுக்குக் கிட்டப் போனா வருது. வழியில போற ஆக்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறாங்க."

மீட்டர்ச் சத்தம் மூன்று இடத்தில் பிறக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். கீழே முன்சில்லோடு இருக்கிற சின்னப் பல்சக்கரப் பெட்டி. மேலே முள் ஆடுகிற மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கேபிள். நான் கேபிளைக் கீழே கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். சத்தம் இல்லை. முன்சில்லைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன், பல்சக்கரப் பெட்டி வழுவழுவென்று ஓடியது. ஆகவே கேபிளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே மீட்டராக இருக்க வேண்டும். கேபிளின் உள்கம்பியை உருவி எடுத்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்து, அங்கங்கே துருப் பிடித்திருந்தது.

அத்தோடு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். குற்றவாளி ஒருவன் கையில் அகப்பட்டால் இன்னொருவன் இருக்கிறானா என்று பார்க்க மனம் வராது. கம்பியைத் துடைத்து, மேலிருந்து கீழ்வரை நன்றாகக் கிரீஸ் பூசி, உள்ளே செருகினேன்.

இதில் இரண்டு பிழை செய்தேன். மீட்டரைத் திறந்து பார்க்காதது ஒன்று. மற்றது, மேல்நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸ் பூசக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தும் பூசியது. அது முறுக்கிய கம்பி. சுற்றச் சுற்றக் கிரீஸை மேலே இழுத்துக்கொண்டு போய் மீட்டருக்குள் விடும். வேலை பழகிய முதல் வருடத்திலேயே நான் அறிந்துகொண்ட விடயம் அது. அன்றைக்கு வாசலில் ஐந்து பைக் நின்றது, அவசரம். அதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஓடிப் பார்த்தேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது. சந்தியில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது முள் மட்டும் ஒருமுறை அறுபதுக்குத் துள்ளிவிட்டு இறங்கியது. நான் அதைக் கண்டேன். புதுக் கிரீஸ், இரண்டு நாள் ஓடினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காணாமல் விட்டிருந்தால் மனம் இவ்வளவு உறுத்தியிருக்காது.

மூன்று கிழமைக்குப் பிறகு பாறூக் போன் எடுத்தார். சத்தம் இல்லை, ஆனால் முள்ளு ஒரு மாதிரி ஆடுகிறது என்றார். சத்தம் இல்லைத்தானே, பிறகென்ன, நேரம் கிடைக்கும்போது கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த கிழமை, ஒரு மத்தியானம், அவருடைய மனைவி பரீதா ஓட்டோவில் வந்து இறங்கினார். அதற்கு முன் அவரை நான் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். அவர் சொல்லித்தான் விடயம் தெரிந்தது. அதற்கு முந்திய நாள் காலை பத்து மணியளவில் வெள்ளவத்தையில், காலி வீதியில், நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் வீதியைக் கடக்க வெளியே வந்திருக்கிறார். பாறூக் பிரேக் பிடித்திருக்கிறார், ஆனாலும் ஹாண்டில் பட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. கிருலப்பனையில் இருக்கிறவர், எழுபது தாண்டியவர். பாறூக்குக்கு முழங்கை உரசலோடு போய்விட்டது. மோட்டார் சைக்கிள் பொலிஸில் நிற்கிறது.

பரீதா தன் போனை என்னிடம் நீட்டினார். பெரியவரின் மகன் சம்பவ இடத்துக்கு வந்து எடுத்த படம். அது கைக்குக் கை போய் லேப்பில் வேலை செய்கிறவர்கள்வரை வந்துவிட்டிருந்தது. வீதியோரம் சாய்ந்து கிடக்கிற பாறூக்கின் பைக். அதன் மீட்டரில் முள் எண்பதில் நிற்கிறது.

பத்து மணிக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எண்பது. பார்க்கிற யாரும் வேறு கேள்வி கேட்கப்போவதில்லை. அந்த மகன் கேட்கவில்லை. பொலிஸும் கேட்கவில்லை. லேப் முதலாளிகூட, விசாரணை முடியும்வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வழக்குப் போட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாத பாறூக்குக்கு அந்த லேப்பில் என்ன வேலை?

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நின்றுவிட்ட பைக்கின் முள் பூச்சியத்துக்கு விழ வேண்டும். அதை இழுக்க உள்ளே ஒரு சுருள் இருக்கிறது. இது விழவில்லை. ஏன் விழவில்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்த முள்ளை எண்பதில் ஒட்டிவைத்தது என் கிரீஸ்.

பரீதா கேட்டார், "நீங்க செஞ்ச பைக் தானே அண்ணே. அவரு முப்பதுக்கு மேல போறல்லண்டு பொலிஸுல வந்து சொல்லுங்களே."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு என் கூட்டாளி சிவா என்னை உள்ளே கூப்பிட்டான். இருபது வருடம் என்னோடு கராஜ் நடத்தியவன், கெட்ட மனிதன் அல்ல. நான் நடந்ததைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. "நீ போய் கிரீஸ் கதையைச் சொன்னா, இவன் பிழையா வேலை செஞ்சபடியாத்தான் அக்சிடன்ட் எண்டு நம்மட தலையில போடுவாங்க. பேசாம இரு. மீட்டரை யாரும் கழட்டிப் பார்க்கப் போறதில்ல" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. யாரும் கழற்றிப் பார்க்கப்போவதில்லை. பிரேக்கைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். முள்ளைப் பார்க்க என்ன இருக்கிறது, அதுதான் எண்பது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறதே.

நான் ஒரு மணித்தியாலம் ஒரு வேலையும் செய்யாமல் ஸ்டூலில் இருந்தேன். போகாமல் இருக்க எனக்கு நூறு காரணம் அகப்பட்டது. போக ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: எனக்குத் தெரிந்ததை வேறு யாரும் அறியமாட்டார்கள். அடுத்த நாள் காலை மோட்டார் வாகனப் பரிசோதகர் பைக்கைப் பார்க்க வருகிறார் என்று பரீதா சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்குப் போனேன்.

பொலிஸ் முற்றத்தில், மடங்கிய மட்கார்டோடு பைக் நின்றது. பாறூக்கும் பரீதாவும் மதிலோரம் நின்றார்கள். சற்றுத் தள்ளி, பெரியவரின் மகன். பரிசோதகர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், சிங்களவர், அதிகம் பேசாத ஆள். பிரேக்கையும் டயரையும் பார்த்து முடித்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாக மீட்டரைப் பார்த்தார், எண்பது என்று வாய்க்குள் சொன்னார், பேனையை எடுத்தார்.

நான் சார்ஜன்டிடம் போய், இந்தப் பைக்கைத் திருத்துகிற மெக்கானிக் நான், பரிசோதகர் சேரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தோடு வந்தது, கேபிளுக்குக் கிரீஸ் போட்டது, பூசக் கூடாத இடத்திலும் பூசியது, மீட்டரைத் திறக்காமல் விட்டது, முள் துள்ளியதைக் கண்டும் அனுப்பியது, போனில் சொன்னபோதும் கூப்பிடாமல் விட்டது. சொல்லச் சொல்லப் பின்னால் பரீதாவின் கண்கள் என் முதுகில் குத்துவது எனக்குத் தெரிந்தது. என் கிரீஸ்தான் காரணம் என்பதை அவரும் அப்போதுதான் கேட்கிறார்.

பரிசோதகர் கேட்டார்: அப்படியென்றால் இவர் எண்பதில் வரவில்லை என்று சொல்கிறீர்களா?

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்காகத்தான் உங்களுக்கு இந்தக் கதையையே சொல்கிறேன். எனக்குப் பாறூக்கைப் பதினொரு வருடமாகத் தெரியும். அவர் எண்பதில் போகிற ஆள் இல்லை என்று என் மனம் அடித்துச் சொன்னது. மதிலோரம் அவர் மனைவி நிற்கிறார். நான் செய்த பிழைக்கு ஈடாக ஒரு வார்த்தை, "வரவில்லை" என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது சேர்" என்றேன். "அவர் எத்தனையில வந்தார் எண்டு நான் காணயில்ல. இந்த முள்ளுக்கும் அது தெரியாது. அதை மட்டும்தான் நான் சொல்லலாம்."

பரிசோதகர் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார். என்னிடம், பைக்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சார்ஜன்டையும் பெரியவரின் மகனையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்துத் தானே மீட்டரைக் கழற்றினார். கேபிள் வந்து சேருகிற வாயிலேயே கிரீஸ் பிதுங்கி நின்றது. மேல்மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு காந்தம் சுற்றும், அதை மூடினாற்போல ஒரு மெல்லிய கிண்ணம் இருக்கும், கிண்ணத்தில்தான் முள் பொருந்தியிருக்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இங்கே இரண்டுக்கும் இடையில் தூசியும் கிரீஸும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, பிறகு சுருளால் அதைத் திருப்பி இழுக்க முடியவில்லை.

பரிசோதகர் ஒரு விரலால் முள்ளை நாற்பதுக்குத் தள்ளினார். அது நாற்பதில் நின்றது. நூற்றுப்பத்துக்குத் தள்ளினார். நூற்றுப்பத்தில் நின்றது. பெரியவரின் மகன் பக்கம் திரும்பி, சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: "இப்போது இந்தப் பைக் நின்றபடியே நூற்றுப்பத்தில் போகிறது."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மகன் தன் போனை எடுத்து இதையும் படம் பிடித்தார்.

முள்ளை நம்ப முடியாது என்று அறிக்கையில் எழுதுகிறேன், வேகத்தை வேறு வழியில் கண்டுபிடியுங்கள், அந்தப் பக்கத்துக் கடைகளின் கமராக்களைப் பாருங்கள் என்று பரிசோதகர் சார்ஜன்டிடம் சொன்னார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட இளைய அந்த மனிதர் சொன்னதை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை. சத்தத்தை நிறுத்தியிருக்கிறீர்கள், சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கவில்லை, இது மீட்டராக இருந்தபடியால் தப்பினீர்கள், பிரேக்காக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் தொழிலில் எனக்குக் கடைசியாகப் பாடம் சொன்னவர் அவர்தான்.

வெளியே வந்தபோது பாறூக் என் கையைப் பிடித்துக்கொண்டார். பரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். முப்பது என்று சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை. அதோடு என் பிழை வேறு வெளியே வந்துவிட்டது. கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பாறூக் போன் எடுத்தார். ஒரு துணிக்கடைக் கமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். பஸ்ஸை ஒட்டி ஒரு சைக்கிள்காரர் போகிறார், அவருக்குப் பின்னால் அதே வேகத்தில் பாறூக் வருகிறார். மிதிசைக்கிளை முந்தாத ஒருவரை எண்பதில் வந்தார் என்று யார் சொல்ல முடியும்? பெரியவர் பஸ்ஸின் முன்பக்கத்தால், வீதியைப் பார்க்காமல், திடீரென்று இறங்குவதும் தெளிவாகத் தெரிகிறதாம். வேகமாக ஓடியதாக வழக்கு இல்லை. லேப்பில் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். நான் போனை வைத்துவிட்டுச் சிவாவிடம் சொன்னேன். அவன் போய் இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தான். மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தேத்தண்ணீரில் சீனி ருசித்தது.

அந்தப் பெரியவரையும் போய்ப் பார்த்தோம், நானும் பாறூக்கும். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கத் தொடங்கியிருந்தார். மகன் எங்களைக் கண்டதும் எழுந்து கதிரையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். மன்னிப்பு என்றெல்லாம் யாரும் பேசவில்லை. பெரியவர்தான் பாறூக்கின் முழங்கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நான்தான் தம்பி பாராமல் இறங்கினனான். சந்தையில முருங்கைக்காய் முடிஞ்சிடும் எண்ட அவசரம்." பிறகு, அன்றைக்குப் பெட்டிக்குள் இருந்த பல்லெல்லாம் என்ன ஆனது என்று விசாரித்தார். ஒரு அச்சுத்தான் உடைந்தது என்று பாறூக் சொன்னபோது, அந்த மனிதர் யாரோ முன்பின் தெரியாத நோயாளிக்காக வருத்தப்பட்டார்.

பொலிஸ் பைக்கை விடுவித்ததும் அது என் கராஜுக்கு வந்தது. இந்த முறை ஐம்பது பைக் வாசலில் நின்றாலும் நான் அசைந்திருக்கமாட்டேன். மீட்டரின் உள்ளே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தபோது, பாறூக் முதல் நாள் சொன்ன அதே கீச்சுச் சத்தம் கேட்டது. அது ஆரம்பத்திலிருந்தே மேலேதான் இருந்திருக்கிறது. காந்தத்தின் தண்டு சுற்றுகிற புஷ் காய்ந்து தேய்ந்திருந்தது. நான் பூசிய கிரீஸ் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தது, அவ்வளவுதான். புஷ்ஷை மாற்றி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டேன். புதுக் கேபிளின் மேல்நுனியில் ஒரு சாணளவு விட்டுவிட்டுக் கிரீஸ் பூசினேன். கீழே பல்சக்கரப் பெட்டியையும் கழற்றிப் பார்த்தேன், அதில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். பிறகு பின்னால் உட்கார்ந்து போனில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு, பாறூக்கை ஓடச் சொன்னேன். போனும் முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. வாசலில் வந்து நின்றதும் முள் பூச்சியத்தில் விழுந்தது.

பரீதா மட்டும் வரவில்லை. பாறூக் அதற்குப் பிறகும் வந்து போனார், வீட்டில் எப்படி என்று நான் கேட்டால் சுகம் என்பதோடு நிறுத்திவிடுவார். நானும் துருவவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை பரீதா தனியாக ஒரு ஸ்கூட்டரில் வந்து நின்றார். அவருடைய தங்கையின் ஸ்கூட்டராம், இனி இவர்தான் ஓடப்போகிறாராம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு நீங்க முப்பதுண்டு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள், எனக்குத் தெரியாது என்று வெளியே வந்திருக்கும், அதற்குப் பிறகு கிரீஸைப் பற்றி நான் சொன்ன உண்மையையும் நம்பியிருக்கமாட்டார்கள் என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சாவியை என் பக்கம் நீட்டினார்.

என்ன சத்தம், எங்கே வருகிறது என்று கேட்டேன்.

"சத்தம் ஒண்டும் இல்ல அண்ணே. மீட்டரைத் தொறந்து பாருங்க."

திறந்தேன். அவர் பக்கத்திலேயே நின்று, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பார்த்தார். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. முள்ளை விரலால் தட்டி, அது தானாகத் திரும்பி வருவதை அவருக்கு இரண்டு முறை காட்டிவிட்டு மூடினேன்.